செக்கிங்கம்மா சொன்ன ‘நல்லாருக்கு’

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதே, எங்கள் தெரு ஜனங்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் பிடித்தார்களே, அதற்கு அடுத்து வந்த தை மாசத்தில் நடந்தது இது. மணலையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றில் தண்ணீர் என்றால் எங்களுக்கு அதிசயம். பேரணாம்பட்டிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் பாலத்து முனையில் சுண்டல் கடையே போட்டுவிட்டான். அன்றைக்கு செக்கிங்கம்மாவும் வந்திருந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, வெகுநேரம் ஆற்றையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி கலர் சரியில்லணா” என்றாள்.

அவ்வளவுதான் அவள். ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற பொருளில் ஒரு குறை இருக்கும், அது அவள் கண்ணில் மட்டும் படும்.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது, ரேஷன் கார்டில். தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவள், என்னை அண்ணா என்பாள். ஆம்பூர் பைபாஸ் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தாள். அதே கம்பெனி கேட்டில் நான் வாட்ச்மேனாக இருந்தேன். அதற்கு முன்னால் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். தோலை இறக்கி, மிதித்து, ஏற்றி, அதிலேயே என் மூக்கு செத்துவிட்டது. மூக்கு போனால் ருசியும் பாதி போய்விடும். அதனால் சாப்பாட்டைக் குறை சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

செக்கிங் என்பது இதுதான். தைத்து முடித்த ஷூ ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் தையல் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறை இருந்தால், சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஒன்றைக் கிள்ளி, அம்பு முனை சரியாகக் குறையைப் பார்த்து நிற்கிற மாதிரி ஒட்ட வேண்டும். சரி பண்ண முடிகிறது என்றால் ரீவொர்க் கூடையில் போடுவார்கள். முடியாது என்றால் ரிஜெக்ட். எல்லாம் சரியாக இருந்தால் பாஸ். பாஸ் ஆன பெட்டிக்குள் செக்கர் நம்பர் அச்சடித்த சீட்டு ஒன்றைப் போட்டு மூடுவார்கள். சீமையில் எவனாவது பெட்டியைத் திறந்து ஷூ கிழிந்திருக்கிறது என்றால், அந்த நம்பர் யாருடையது என்று இங்கே விசாரணை நடக்கும்.

இவள் நம்பர் பதினாலு. பதினாலாம் நம்பர் சீட்டு போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு தோலைத் தடவிப் பார்த்தே, “இந்த ஆடு முள்வேலி தாண்டினதுடீ, கழுத்தாண்ட பாரு” என்பாள். பார்த்தால் நிஜமாகவே முடி மாதிரி ஒரு கீறல் இருக்கும்.

கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று அவள் கைப்பையிலும் இருந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தேன் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். போகும்போது ஜன்னலுக்குக் கீழே ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போனாள். குனிந்து பார்த்தேன். கைப்பிடி அளவு இடம் ஒரே கோட்டிங்கோடு நின்றிருந்தது. அதுவரை என் கண்ணில் படாத அந்த இடம், அப்புறம் காலையில் எழுந்தால் முதலில் அதுதான் தெரிந்தது. காய்கறி வண்டிக்காரன் அவள் வருவதைப் பார்த்தாலே சொத்தைக் கத்திரிக்காயை எல்லாம் தானாகப் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொள்வான். எதிர்வீட்டில் குழந்தை பிறந்து பார்க்கப் போனோம். எல்லோரும் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். இவள் வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகத் திருப்பினாள். தாய்க்காரி பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

ஆனாலும் தெருவில் யாராவது மிக்சி வாங்கினால், பட்டுப்புடவை எடுத்தால், நேராக அவளிடம்தான் கொண்டுவருவார்கள். திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தால் பாஸ் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. “நல்லாருக்கு” என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. புருஷன் உயிரோடிருந்தபோது அந்த மனுஷனும் கேட்டிருக்க மாட்டான்.

அவளுக்கு ஒரே மகள், கலா. வேலூரில் ஒரு துணிக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். இருபத்தெட்டு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் மகள் இல்லை, அம்மாவின் கட்டைவிரல்.

முதல் சம்பந்தம் குடியாத்தத்தில். சொந்தமாகத் தறி வைத்து லுங்கி நெய்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ஆசையாக ஒரு புது லுங்கியை எடுத்து இவள் கையில் கொடுத்து, “எங்க தறில ஓட்னது, பாருங்க” என்றார். பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுவாளே. விரித்தாள், வெளிச்சத்துக்குப் பிடித்தாள். “இந்தக் கட்டத்துல ரெண்டு நூலு தப்பியிருக்குதுங்க” என்றாள். அம்பும் ஒட்டினாள். காபி வரும் முன்னே நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். இரண்டாவது, ஆற்காட்டைத் தாண்டிக் கலவைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அந்தப் பையனின் போட்டோவைப் பார்த்து, “படத்துல மூக்க கம்மி பண்ணியிருக்காங்கோ” என்று தரகரிடம் சொன்னாள். அதை அந்தத் தரகர் ஒரு சொல்கூடச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

மூன்றாவதாகத்தான் பேரணாம்பட்டு சம்பந்தம் வந்தது. பையன் ஒரு தோல் கம்பெனியின் லேப்பில், சாயம் கலந்து பார்க்கிற வேலை. அப்பா இல்லை. அம்மாவும், அம்மாவுக்குத் தம்பியும்தான். அந்தத் தாய்மாமன் துபாயில் பத்து வருஷம் ஹோட்டலில் இருந்தவன். ஹோட்டலில் என்னவாக இருந்தான் என்று அவனும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. திரும்பி வந்து எங்கள் தெருமுனையில் மாடியில் ஒரு ரெஸ்டாரன்ட் வைத்திருந்தான். கல்யாணத்துக்கு அவன் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

பையனின் அம்மா போன் பண்ணினாள். “பொண்ணு பாக்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி கேசரியெல்லாம் வேணாங்க. ஞாயித்துக்கெழம எங்க தம்பி கடைல பிரஞ்ச் போட்றான். அங்கியே பாத்துடலாம்.”

போனை வைத்துவிட்டு இவள் என்னிடம் வந்தாள். “பிரஞ்ச்சுன்னா இன்னாணா?”

எனக்கு என்ன தெரியும்? கலாதான் சொன்னாள். “காலை டிபனும் மத்தியான சாப்பாடும் சேத்து ஒரே வேளையா சாப்புட்றது மாமா.”

“அப்ப ஒரு வேள சோத்த மிச்சம் புடிக்கிறாங்கோ” என்றாள் செக்கிங்கம்மா.

“பாத்தியா, பாத்தியா! ஆரம்பிச்சுட்டே!” கலா கைப்பையைப் பிடுங்கி, ஸ்டிக்கர் சுருளை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “யம்மா, அங்க வந்து நீ வாயத் தொறந்தா நல்லாருக்குன்னு மட்டுந்தான் சொல்லணும். வேற ஒரு வார்த்த வந்துச்சு, இதான் கடைசி. அப்பால என்ன எவன் முன்னாலயும் கொண்டுபோய் நிறுத்தாத.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அம்மாக்காரி மகள் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். பெரியவர் என்று ஒருவர் வேண்டுமே, என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே பிரியாணி அண்டா திறந்துவிடும். எட்டு மணிக்குக் கத்திரிக்காய் தொக்கோடு ஒரு பிளேட்டை முடித்துவிட்டு வெற்றிலை போடுகிற ஊர். அங்கே போய்ப் பத்தரை மணிக்கு, அதுவரை பட்டினியாக இருந்து, முட்டை சாப்பிட வா என்கிறான் ஒருவன். போனோம்.

கீழே ஷூ ஒட்டுகிற பசை விற்கிற கடை, மேலே ரெஸ்டாரன்ட். படியேறும்போது என் செத்த மூக்குக்கே பசை வாசனை எட்டியது. உள்ளே பட்டப்பகலில் ஜன்னலை மூடி, கூடைக்குள் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். நாற்காலி உயரமாக இருந்தது. உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை. பையன், அவன் அம்மா, கலா, செக்கிங்கம்மா, நான். ஐந்து பேரும் முடிவெட்டுகிற கடைக்கு வந்த குழந்தைகள் மாதிரி காலைத் தொங்கப்போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

பிறகு மாமன்காரன் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு தானே கொண்டுவந்தான். சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு கல்லின் மேல் வைத்திருந்தான். ஒரு சின்ன பன், அதன் மேல் வேகாத முட்டை, தொட்டால் மஞ்சள் ஓடியது. ஓர் இட்லியை நாலாக வெட்டி ஒவ்வொரு துண்டிலும் பல்குச்சி குத்தியிருந்தது. டீ கிளாஸ் அளவு மண்சட்டியில் பிரியாணி, அதன் மேல் தக்காளி சாஸ். கடைசியாக ஒரு தட்டில் வெறும் சோறு ஒரு குவியல், பாசிப்பருப்பு ஒரு குவியல், மிளகு நாலு, முந்திரி இரண்டு, ஓரமாக ஒரு சொட்டு நெய்.

“இது இன்னாப்பா?” என்றேன்.

“பொங்கல் பெரியவரே. பிரிச்சி வெச்சிருக்கு. இதான் இப்ப கான்செப்ட்டு. நீங்களே கலந்து, உங்களுக்கு எப்டி வேணுமோ அப்டி சாப்புட்டுக்கலாம்.”

நான் செக்கிங்கம்மாவைப் பார்க்கவில்லை. பயம். ஆனால் மேசைக்கு அடியில் அவள் கட்டைவிரல் சேலைத் தலைப்பில் ஓடுவது தெரிந்தது. அம்பு கிள்ளுகிற மாதிரி ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தது. கலா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“முட்ட எப்டி இருக்குதுங்க?” என்றான் மாமன்காரன்.

“நல்லாருக்கு.”

அவள் நெற்றியில் வேர்த்தது.

“இட்லி?”

“நல்லாருக்கு.”

பையனின் அம்மா, “எங்க தம்பிக்கு கைராசிங்க” என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு துண்டு இட்லியைப் பேப்பரில் மடித்து மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பையன் தலை நிமிரவே இல்லை. மாமன் பக்கத்தில் நின்றால் அவன் சோற்றில் கைவைக்கக்கூட மாமனைக் கேட்டுக்கொள்வான் போலிருந்தது. பிரியாணிக்கு ஒரு நல்லாருக்கு, பொங்கலுக்கு ஒரு நல்லாருக்கு, நுரையில் படம் போட்டு வந்த ஆறிப்போன காபிக்கு ஒரு நல்லாருக்கு. என்னைக் கேட்டான். நானும் நல்லாருக்கு என்றேன். ருசி தெரியாத எனக்கே அந்த பிரியாணி தொண்டையில் நின்றது. அதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

எழுந்திருக்கப்போகிற நேரத்தில் மாமன்காரன் செல்போனை இவள் முகத்துக்கு நேராக நீட்டினான். “யம்மா, கடைய பத்தி ஒரு வார்த்த. நம்ம பேஜ்ல போட்றதுக்கு.”

கலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா போனைப் பார்த்தாள்.

“நல்லாருக்கு.”

சாயந்திரமே சம்மதம் என்று சேதி வந்தது. அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. கலா தெருவில் நடந்த நடையே வேறாக இருந்தது. செக்கிங்கம்மா மட்டும் வயிற்றுவலி என்று இரண்டு நாள் லீவு போட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அது முதல் லீவோ இரண்டாவது லீவோ.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, அந்தப் போன் படம் கம்பெனி பூரா போயிருக்குதுணா. செக்கிங்கம்மாவே நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு லைன்ல ஷூ தெக்கிற பொண்ணுங்க எல்லாம் வர்ற ஞாயித்துக்கெழம அங்க போறாளுங்க. புருஷன், மாமியா எல்லாரயும் கூட்டிக்கினு. நாப்பது பேருக்கு டேபிள் சொல்லிட்டாளுங்களாம். ஒருத்தி அவங்க மாமனாருக்கு அறுவதாம் கல்யாணமே அங்க வெக்கலாமான்னு என்ன கேக்கறா.”

“போய் சாப்ட்டுத் தெரிஞ்சிக்கட்டுமே. உனுக்கு இன்னா?”

“எனுக்கு இன்னாவா? என் சீட்டு போட்ட பெட்டிணா அது. தெரிஞ்சே கிழிஞ்சத உள்ள வெச்சி மூடியிருக்கேன்.”

“சம்பந்தம் கெடும்மா. பொண்ணு மொகத்த பாரு.”

“அதத்தான் நாலு நாளா பாத்துக்கினு இருக்கேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவள் வெளியே கிளம்புவதைப் பார்த்து நானும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்ன, நடந்தேன். நான் படியேறி முடிப்பதற்குள் அவள் நடுஹாலில் நின்றிருந்தாள். எல்லா மேசையிலும் எங்கள் கம்பெனிப் பெண்கள், நல்ல புடவை கட்டி, பூ வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்லா மேசையில் பையனின் அம்மா. பையன் தட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

செக்கிங்கம்மா வலது கையை நேராக மேலே தூக்கி உள்ளங்கையை விரித்தாள்.

கம்பெனியில் இது ஒரு வழக்கம். மெஷின் ஓடுகிற சத்தத்தில் கத்தினால் கேட்காது. தான் தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டோம் என்று செக்கருக்குத் தெரிந்தால் இப்படிக் கையைத் தூக்க வேண்டும். பார்த்தவுடன் லைனில் இருப்பவர்கள் கையிலிருப்பதை அப்படியே கீழே வைத்துவிட வேண்டும். வருஷக்கணக்காகப் பழகிய கை, மூளையைக் கேட்காது. அத்தனை பெண்களும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். டக் என்று ஒரே சத்தம். புருஷன்மாருக்கு ஒன்றும் புரியவில்லை, மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மாமியார் கையிலிருந்த குச்சி இட்லியைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள்.

“போன வாரம் நான் இங்க நல்லாருக்குன்னு சொன்னேன்” என்றாள் செக்கிங்கம்மா. “அது பொய். என் பொண்ணு கல்யாணத்துக்காவ சொன்னேன். என் பேச்ச நம்பி வந்தவங்க மன்னிச்சிக்கோங்க. அந்தப் பாஸ நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

மாமன்காரன் சமையல்கட்டிலிருந்து வந்தான். “யம்மா! இன்னா பேச்சு இது? போன்ல இருக்குது நீங்க சொன்னது!”

“சொன்னேன் தம்பி. தப்பு என்னுது. முட்ட வேவல. இட்லி உள்ள மாவு ஒட்டுது. ஆம்பூர்ல ஒக்காந்துக்கினு பிரியாணிக்கு சாஸு ஊத்தறீங்கோ. பொங்கல பிரிச்சி வெச்சா அது பொங்கலா? ஷூவ பிரிச்சி அப்பர் தனியா, சோல் தனியா, லேஸ் தனியா பெட்டில போட்டு அனுப்பட்டுமா, நீங்களே தெச்சிக்கினு போட்டுக்கறீங்களா?”

பின் மேசையில் எவனோ சிரித்துவிட்டான்.

“கான்செப்ட்டுன்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?”

“எனுக்கு கான்செப்ட்டு தெரியாது தம்பி. வேவாதது தெரியும்.”

அவன் முகம் சிவந்து, குரல் கீச்சென்று போனது. “அப்ப உங்க பொண்ண வேற எடத்துல பாத்துக்கோங்க. எங்க அக்கா புள்ள உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்.”

அப்போதுதான் பார்த்தேன், படி முனையில் கலா நின்றிருந்தாள். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். ஓடிவந்ததில் ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தக் கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். கை இறங்கியது. இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவள் அப்போது சுருங்கிப்போனாள். எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஒரு நாற்காலி இழுத்துப் போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

கல்லா மேசையிலிருந்து பையனின் அம்மா எழுந்து வந்தாள். “சம்மந்தி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். சாப்பாடு விசயத்துல பொய் சொல்லிட்டீங்க, சரி. உங்க பொண்ண பத்தி சொன்னதுல இன்னா பொய்?”

கலா நிமிர்ந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“பொய் இல்லீங்க. மறச்சது ஒன்னு இருக்குது” என்றாள் செக்கிங்கம்மா. “சின்ன வயசுல ஜொரம் வந்து இவளுக்கு எடது காது மந்தம். அந்தப் பக்கம் நின்னு பேசினா கேக்காது. போன வாரம் நீங்களும் உங்க புள்ளையும் அவளுக்கு வலது பக்கமா வர்ற மாதிரி பாத்து நாந்தான் ஒக்கார வெச்சேன்.”

“யம்மா!” என்று கத்தினாள் கலா.

அவள் நிறுத்தவில்லை. ஆரம்பித்தால் தையல் முழுக்கப் பார்க்காமல் விடுகிற கையா அது. “காலைல ஏழு மணிக்கு முன்ன எழுந்துக்க மாட்டா. எழுப்பினா கத்துவா. கோவம் ஜாஸ்தி. கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா, மூனாம் நாள் அவளே வந்து பேசிடுவா. கொழம்பு வெப்பா, ரசம் வராது. சீப்பு எங்க வெச்சோம்னு தெனைக்கும் தேடுவா. பொய் சொல்ல மாட்டா. என்னிய பொய் சொல்லச் சொன்னது கூட இந்த ஒரு வாட்டிதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அவ்ளோதாங்க. திருப்பித் திருப்பி இருவத்தெட்டு வருசம் பாத்துட்டேன். பாஸ்.”

பையனின் அம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். “தம்பி, நீ உள்ள போய் மொதல்ல அந்தப் பொங்கல ஒன்னா சேரு” என்றாள்.

“யக்கா!”

“நாலு மாசமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லியே என் நாக்கு செத்துப்போச்சுடா. போ.” அவன் போனான். அக்கா பேச்சுக்கு அவன் பதில் பேசாமல் போனதை அந்தப் பையன் அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்திருப்பான். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து செக்கிங்கம்மா முன்னால் நிறுத்தினாள். “இவனயும் ஒரு வாட்டி பாத்துடுங்க. அப்பால நாங்க மறச்சோம்னு ஆவக்கூடாது.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். செக்கிங்கம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டியிருந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அவனை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்தாள். சாயம் ஏறியிருந்தது. “குடிப்பியா?” என்றாள். “தீவாளிக்கு” என்றான். “உன் மாமன் சாப்பாடு எப்டி இருக்குது?” அவன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். “நல்லால்ல” என்றான்.

“பேச்சு கம்மி. மாமனுக்கு பயப்பட்றான்” என்றாள் செக்கிங்கம்மா. “ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க் பண்ணிக்கலாம்.”

கம்பெனிப் பெண்கள் கைதட்டினார்கள். அவன் யாரையும் பார்க்காமல் படிமுனைக்குப் போனான். கலாவின் இடது பக்கம் கிட்டே வந்தவன், நின்று, அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் குனிந்தான். “காபி சாப்புடலாமா?” என்றான். “இங்க இல்ல. பஸ் ஸ்டாண்டாண்ட.”

அவள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாமன்காரன் மாலையோடு வந்தான், முறைத்துக்கொண்டே சாப்பிட்டான். எல்லாப் பதார்த்தத்தையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

செக்கிங்கம்மா வேலையை விட்டு இப்போது மகளோடு ஒசூர் பக்கம் இருக்கிறாள். அவள் வீட்டில் வேறு யாரோ குடி இருக்கிறார்கள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் துணிந்து சொத்தை விற்கிறான்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ரெஸ்டாரன்ட் இன்னும் நடக்கிறது. அவள் நல்லாருக்கு என்று சொன்ன அந்தப் படத்தை அவன் எடுக்கவில்லை. பொங்கல் திருநாள், புத்தாண்டு, தள்ளுபடி என்று ஏதாவது ஒரு சாக்கில் அதைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறான். வேலூரிலிருந்து ஆள் காரில் வந்து, அந்த முகத்தை நம்பிப் படியேறிப் போகிறது. அவள் கையைத் தூக்கியதை யாரும் படம் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டிய பெண்கள் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடி போட்ட ஒல்லியான ஓர் அம்மா, நெற்றியில் வேர்வையோடு, ஒரே ஒரு வார்த்தை சொல்கிற படம் உங்கள் போனுக்கும் வரலாம். வந்தால் அழித்துவிடாதீர்கள். யாரிடமிருந்து வந்ததோ அவருக்கே இதைச் சொல்லி அனுப்புங்கள், அவருக்கு அனுப்பியவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்: அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த அம்மா போய் அதை வாபஸ் வாங்கிவிட்டாள்.